ஐஸ் தொழிற்சாலை அமோனியா: ஆபத்து மதிப்பீட்டை எங்கிருந்து தொடங்குவது? (திருகோணமலை)

உப்புவெளி_குளிரூட்டி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலையில் மீனவர்களுக்கு ஐஸ் கட்டி போடும் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். காப்புறுதியைப் புதுப்பிக்க எழுத்தில் ஓர் ஆபத்து மதிப்பீடு வேண்டுமாம். முதலாளி ஒரு படிவத்தைக் கையில் தந்திருக்கிறார். ஐந்துக்கு ஐந்து கட்டம். ஒரு பக்கம் நடக்கும் வாய்ப்பு, மறுபக்கம் பாதிப்பின் கடுமை, இரண்டையும் பெருக்கி வரும் எண்ணுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறம் தீட்ட வேண்டும்.

ஒரு பின்னேரத்தில் நிரப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் எங்களிடம் ஒன்றரைத் தொன் அளவு அமோனியா இருக்கிறது, மதிலுக்கு அந்தப் பக்கம் வீடுகள் இருக்கின்றன. அதனால் பெயருக்கு நிரப்ப மனம் வரவில்லை. இரண்டு கொம்பிரசர், ஒரு கண்டென்சர், திரவ அமோனியா தேங்கும் தாங்கியான ஒரு ரிசீவர், உப்புநீர்த் தொட்டி, அவ்வளவுதான் அமைப்பு. பழைய வரைபடம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ பைப் மாறிவிட்டது. முறையாகச் செய்வதென்றால் எங்கிருந்து தொடங்குவது?

மூதூர்_செயன்முறை எழுதியது:

தம்பி, கேள்வி சரியான கேள்வி. நான் வளைகுடா நாடுகளில் சுத்திகரிப்பு ஆலைகளில் செயன்முறைப் பாதுகாப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படிவத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். முதல் வேலை வரைபடம். பழைய படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கொம்பிரசரில் இருந்து பைப் வழியே நடங்கள். ஒவ்வொரு வால்வையும் தொட்டுப் பார்த்து, படத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததைச் சிவப்புப் பேனையால் வரையுங்கள். மூடிய நிலையில் இருக்க வேண்டியது எது, திறந்திருக்க வேண்டியது எது என்றும் எழுதுங்கள். ஒரு நாள் கூடப் போகட்டும், பரவாயில்லை.

இது ஏன் முக்கியம் என்பதற்கு இங்கிலாந்தில் பிளிக்ஸ்பரோவில் நடந்ததைப் பாருங்கள். வரிசையாக நின்ற உலைகளில் ஒன்றில் வெடிப்புக் கண்டு அதைக் கழற்றினார்கள். இடைவெளியை இணைக்க 20 அங்குலக் குழாய் ஒன்றை அவசரமாகச் செய்து மாட்டினார்கள். அந்தக் குழாய்க்கு இருந்த ஒரே வரைபடம் வேலைத்தளத் தரையில் சோக்கால் போட்ட கோடுகள். அழுத்தத்தில் அது எப்படி வளையும் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. 1974 யூன் 1 அன்று குழாய் பிய்ந்து, வெளியே வந்த சைக்ளோஹெக்சேன் ஆவி வெடித்தது. 28 பேர் இறந்தார்கள். உங்கள் இடத்திலும் "தற்காலிகமாக" மாட்டிய பைப் ஒன்றாவது இருக்கும். அதைக் கண்டுபிடியுங்கள்.

படம் சரியான பிறகு ஹசாப் (HAZOP) என்ற ஆபத்து ஆய்வு. 1960களில் ஐ.சி.ஐ. கம்பனியில் வளர்ந்த முறை. அமைப்பைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஓட்டம், அழுத்தம், வெப்பநிலை, மட்டம் என்று எடுத்து "இல்லாமல் போனால்?", "கூடினால்?", "குறைந்தால்?", "எதிர்ப்பக்கம் ஓடினால்?" என்று கேட்டுக்கொண்டே போவது. காரணம் என்ன, விளைவு என்ன, இப்போது தடுப்பது என்ன, போதுமா. இவ்வளவுதான். ஆனால் இதைத் தனியே அறைக்குள் இருந்து செய்யாதீர்கள். வால்வைத் திருப்புகிறவர் அந்த மேசையில் இருக்க வேண்டும். அவர் இல்லாத ஹசாப்பில் எனக்கு நம்பிக்கையே இல்லை.

நிலாவெளி_மாணவி எழுதியது:

மொறட்டுவையில் இரசாயனப் பொறியியல் இறுதி ஆண்டு படிக்கிறேன். படிவத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெருக்கல் கணக்கில் ஒரு பெரிய பிழை ஒளிந்திருக்கிறது. வாய்ப்பு 5, கடுமை 2 என்றால் 10. வாய்ப்பு 2, கடுமை 5 என்றாலும் 10. முதலாவது கிழமைக்கு ஒருமுறை யாராவது வழுக்கி விழுவது. இரண்டாவது ரிசீவர் பிளந்து அயலில் ஆட்கள் சாவது. இரண்டுக்கும் ஒரே மஞ்சள் நிறம். காசு ஒதுக்கும்போது முதலாளி எதைத் திருத்துவார்? வழுக்கும் தரைக்கு ரப்பர் விரிப்புப் போடுவது மலிவு, அதைத்தான் செய்வார். கடுமை 5 உள்ள எல்லாவற்றையும் எண்ணைப் பார்க்காமல் தனியாக எடுத்துப் பேச வேண்டும் என்பது என் கருத்து.

மூதூர் அண்ணையிடம் ஒரு கேள்வி. ஒரு விபத்துக்குக் குறுக்கே எத்தனை தடுப்புகள் நிற்கின்றன என்று பாதுகாப்பு அடுக்குகளை எண்ணிப் பார்க்கும் முறையை இப்படிச் சின்ன ஆலைக்கும் செய்யத்தான் வேண்டுமா?

மூதூர்_செயன்முறை எழுதியது:

தங்கச்சி, எண் போட்டுக் கணக்குச் செய்யத் தேவையில்லை. ஆனால் அதன் அடிப்படைக் கேள்வியை விடக்கூடாது: இந்த அடுக்குகள் ஒன்றையொன்று சாராதவையா, வேலை செய்கிற நிலையில் இருக்கின்றனவா?

சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பன்ஸ்பீல்ட் நன்றாக விளங்கும். 2005 டிசம்பர் 11, இலண்டனுக்கு வடக்கே ஓர் எரிபொருள் களஞ்சியம். பெற்றோல் ஏறிக்கொண்டிருந்த தாங்கியின் மட்டமானி ஒரே இடத்தில் இறுகி நின்றுவிட்டது. திரையில் மட்டம் அசையவில்லை, பெற்றோல் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. அதற்கு மேலே தனியான உயர்மட்ட சுவிட்ச் ஒன்று இருந்தது. அதுவும் வேலை செய்யவில்லை. சோதனை நெம்பைப் பூட்டி வைக்கும் பூட்டு இல்லாமல் அந்த சுவிட்ச் இயங்காது என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. தாங்கி நிரம்பி வழிந்து ஆவி முகிலாகப் பரவி, காலை 6 மணியளவில் வெடித்தது. ஞாயிறு விடியற்காலை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை, 43 பேர் காயமடைந்தார்கள்.

இந்தியாவில் போபால் விஷவாயுக் கசிவில் இன்னும் மோசம். 1984 டிசம்பரில் அந்த இரவு குளிரூட்டல் நிறுத்தப்பட்டிருந்தது, வாயுவை எரிக்கும் கோபுரத்துக்குப் போகும் பைப் கழற்றப்பட்டிருந்தது, கழுவும் கோபுரம் ஆயத்த நிலையில் மட்டும் இருந்தது. படிவத்தில் எழுதியிருந்தால் மூன்று பாதுகாப்பு. அன்று இரவு ஒன்றுமே இல்லை.

ஆகவே உப்புவெளித் தம்பி, "தற்போதைய தடுப்பு" என்ற இடத்தில் எதை எழுதினாலும் பக்கத்தில் ஒரு வரி சேருங்கள்: கடைசியாக எப்போது, யார் சோதித்தார்? பதில் இல்லையென்றால் அந்தத் தடுப்பை எண்ண வேண்டாம்.

கிண்ணியா_ஒப்பரேட்டர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் பல ஐஸ் தொழிற்சாலைகளில் கொம்பிரசர் ஓட்டியவன். எஞ்சினியர்மார் ரிசீவர் வெடிப்பதைப் பற்றியே பேசுவார்கள். எங்கள் ஆட்கள் அடிபடுவது பெரும்பாலும் எண்ணெய் இறக்கும்போதுதான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கொம்பிரசர் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக அமோனியாவோடு போய், அமைப்பின் அடியில் குளிர்ந்த இடத்தில் தேங்கும். எண்ணெய் அமோனியாவை விடப் பாரம், அதனால் அடியில் கிடக்கும். அதைக் கிழமைக்கோ மாதத்துக்கோ ஒருமுறை இறக்க வேண்டும். குளிரில் எண்ணெய் கூழ் மாதிரி இறுகியிருக்கும். வால்வைக் கால் சுற்றுத் திறந்தால் ஒன்றும் வராது. இன்னும் அரைச் சுற்று. அப்போதும் வராது. முழுதாகத் திறந்துவிட்டு வாளியைப் பார்த்துக்கொண்டு குந்தியிருப்பார்கள். திடீரென்று எண்ணெய்க் கட்டி பிதுங்கி விழும், அதன் பின்னால் திரவ அமோனியா பீறிடும். கண் தெரியாது, மூச்சு எடுக்க முடியாது, வால்வு முகிலுக்குள் மறைந்துவிடும். மூடுவதற்கு யாரும் திரும்பி உள்ளே போக முடியாது.

இதற்கு மருந்து பெரிய செலவில்லை. சாதாரண வால்வுக்கு அடுத்ததாக, கையை எடுத்தவுடன் ஸ்பிரிங்கால் தானே மூடிக்கொள்ளும் வால்வு ஒன்று. அதைக் கம்பியால் கட்டித் திறந்து வைக்கிற ஆட்களையும் கண்டிருக்கிறேன், அதையும் கவனிக்க வேண்டும். எண்ணெய் தேங்கும் சட்டியை முதலில் வால்வு மூடி அமைப்பிலிருந்து பிரித்து, அதற்குள் இருக்கும் அமோனியாவைக் கொம்பிரசரின் உறிஞ்சு பக்கத்துக்கு இழுக்க விட்டு, சட்டியின் வெளியே படிந்த பனி உருகும்வரை பொறுத்துப் பிறகு இறக்க வேண்டும். தனியே ஒருவர் செய்யக்கூடாது. முகமூடி போட்டபடி, முதுகுக்குப் பின்னால் வாசல் இருக்கும்படி நிற்க வேண்டும். தண்ணீர்க் குழாய் எட்டும் தூரத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொன்று பித்தளை. நான் வேலை செய்த ஓர் இடத்தில் அவசரத்துக்கு ஹார்ட்வெயர் கடையில் வாங்கிய பித்தளை நிப்பிளை ஓர் அழுத்தமானிக்கு மாட்டியிருந்தார்கள். செம்பும் பித்தளையும் அமோனியாவுக்கு ஆகாது, அரித்து வெடிப்பு விடும். இரும்பு, உருக்கு மட்டும்தான். களஞ்சியத்தில் பித்தளைச் சாமான் இருந்தால் அமோனியாப் பக்கம் வராதபடி வேறாக வையுங்கள்.

உப்புவெளி_குளிரூட்டி எழுதியது:

நானா, மிக்க நன்றி. எங்கள் எண்ணெய் இறக்கும் இடம் இரண்டு சுவர்களுக்கு நடுவே மூலைக்குள் இருக்கிறது. வாசல் முதுகுக்குப் பின்னால் இல்லை, உப்புநீர்த் தொட்டியைச் சுற்றித்தான் வெளியே வர வேண்டும். இதைப் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் எழுத இடமில்லை.

முதலாளியிடம் பேச்சைத் தொடங்கினேன். "அப்படி அபாயம் என்றால் அமோனியாவை எடுத்துவிட்டுப் பிரியோன் போடுவோம்" என்கிறார், அதாவது செயற்கைக் குளிரூட்டி வாயு. அது சரியான வழியா?

நிலாவெளி_மாணவி எழுதியது:

கொள்கையளவில் முதலாளி சொல்வதை ஒதுக்க முடியாது. ஆபத்தான பொருளுக்கு வேலி போடுவதை விட அந்தப் பொருளையே மாற்றுவது மேல் என்றுதான் படிக்கிறோம். போபாலில் கூட, கசிந்த அந்த மெதைல் ஐசோசயனேற்றை அவ்வளவு சேர்த்து வைத்திருக்கத் தேவையே இருக்கவில்லை, அது இடைப்பொருள்தானே. செயன்முறைப் பாதுகாப்பு நிபுணர் டிரெவர் கிளெட்ஸ் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: உங்களிடம் இல்லாதது கசியாது.

கிண்ணியா_ஒப்பரேட்டர் எழுதியது:

மகள், புத்தகத்தில் சரியாக இருக்கலாம். ஆனால் பிரியோனுக்கு மணமில்லை. மூடிய அறைக்குள் கசிந்தால் ஒக்சிசனைத் தள்ளிவிட்டு, ஆள் விழுந்த பிறகுதான் தெரியும். அமோனியா மூக்கைக் குத்திச் சொல்லிவிடும். சின்னக் கசிவென்றால் கந்தகத் திரியைக் கொளுத்திப் பைப் மூட்டுகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், கசிகிற இடத்தில் வெள்ளைப் புகை கிளம்பும். அப்படியே பிடித்துவிடலாம். பிரியோன் விலையையும் யோசியுங்கள்.

மூதூர்_செயன்முறை எழுதியது:

இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நானா, மணத்தை மட்டும் நம்ப வேண்டாம். அங்கேயே நிற்கிறவரின் மூக்குப் பழகிவிடும். எட்டு மணி நேர வேலைக்குக் காற்றில் 25 பீ.பீ.எம். (பத்து இலட்சத்தில் 25 பங்கு) என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. 300 பீ.பீ.எம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்திருக்கிறார்கள். இடையில் எங்கே நிற்கிறோம் என்று மூக்கு சொல்லாது, கருவிதான் சொல்லும்.

பிரியோன் வகைகள் பலவும் ஓசோனுக்காகவோ வெப்பமயமாதலுக்காகவோ கட்டுப்பாட்டுக்குள் வந்தவை. மொன்ட்ரியல் உடன்படிக்கையின் 2016 கிகாலித் திருத்தத்தோடு அடுத்த தலைமுறை வாயுக்களும் படிப்படியாகக் குறையப் போகின்றன. இன்று மாற்றிவிட்டு நாளை மறுபடி மாற்றுவதா? அமோனியாவில் ஓசோன் பிரச்சினை இல்லை, வெப்பமயமாதல் பிரச்சினையும் இல்லை. ஐஸ் தொழிலுக்கு நல்ல குளிரூட்டி அதுதான்.

ஆனால் கிளெட்ஸ் சொன்னது பொருளை மாற்றுவதை மட்டுமல்ல, அளவைக் குறைப்பதையும்தான். தம்பி, ஒன்றரைத் தொன் உங்களுக்கு உண்மையிலேயே தேவையா? பாவனையில் இல்லாத பழைய குளிரூட்டும் பைப் சுருள் எதிலாவது திரவம் கிடக்கிறதா? மேலதிகமாகச் சிலிண்டர்களை வாங்கி அடுக்கி வைத்திருக்கிறீர்களா? அடுத்த பெரிய திருத்தத்தில் தட்டு வகை வெப்பமாற்றிக்குப் போனால் அமோனியாவின் அளவு பெருமளவு குறையும். தேவையில்லாத நூறு கிலோவை வெளியேற்றுவது, இன்னொரு எச்சரிக்கை மணி மாட்டுவதை விட மேலான வேலை.

வெயிலையும் மறக்காதீர்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலை எப்படிக் கொதிக்கும் என்று தெரியும்தானே. கண்டென்சரில் அமோனியா வாயு திரவமாக ஒடுங்கும் வெப்பநிலை 35 பாகையென்றால் அழுத்தம் 12.5 பார் அளவில் இருக்கும், 40 ஆனால் 14.5ஐ எட்டும். இது இயல்பு, அதற்கேற்பப் பாதுகாப்பு வால்வு இருக்கும். கவனிக்க வேண்டியது வேறு. இரண்டு பக்கமும் மூடிய வால்வுகளுக்கு இடையே திரவ அமோனியா முழுதாகச் சிக்கிக்கொண்டால், வெயில் பட்டுச் சூடேறும்போது விரிய இடமில்லாமல் பைப்பையே பிளக்கும். ஹசாப்பில் "வெப்பநிலை கூடினால்" என்று கேட்கும்போது இதைக் கேளுங்கள். எந்த இரண்டு வால்வுகளை ஒன்றாக மூடக்கூடாது என்று சங்கிலியோ பலகையோ போடுங்கள், முடிந்தால் நடுவில் ஓர் அழுத்த விடுவிப்பு வால்வு.

திருக்கடலூர்_வாசகி எழுதியது:

நான் எஞ்சினியர் இல்லை. கடற்கரைப் பக்கம் இப்படி ஒரு தொழிற்சாலைக்கு அருகே குடியிருக்கிறேன். இரண்டு பிள்ளைகள், நடக்க முடியாத மாமியார். ஒருமுறை இரவில் அந்த மணம் வந்து கண் எரிந்தது. வெளியே ஓடுவதா, கதவைச் சாத்துவதா என்று தெரியவில்லை. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மறுநாள் தொழிற்சாலை வாசலில் போய்க் கேட்டோம், "சின்ன விசயம், சரியாகிவிட்டது" என்றார்கள். நீங்கள் எல்லாரும் பைப், வால்வு என்று பேசுகிறீர்கள். நல்லது. மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்களை எந்தப் படிவத்தில் எழுதுவீர்கள்?

தீயணைப்பு_கிழக்கு எழுதியது:

அக்கா, உங்கள் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். தீயணைப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

வீட்டுக்குள் இருக்கும்போது கடுமையான மணம் வந்தால் கதவு, யன்னல் எல்லாவற்றையும் சாத்துங்கள், காற்றாடியை நிறுத்துங்கள், கதவிடுக்கில் ஈரத் துணி வையுங்கள், தொழிற்சாலைக்கு மறுபக்க அறைக்குப் போங்கள். மாமியார் போல நடக்க முடியாதவர்களுக்கு இதுதான் நல்லது. ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடினால் கொஞ்சம் உதவும், அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும். வெளியே நிற்கும்போது வந்தால் காற்றோடு ஓடாதீர்கள், காற்றுக்குக் குறுக்கே பக்கவாட்டில் போங்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். அழைக்க வேண்டிய எண்கள்: தீயணைப்பு 110, அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.

அமோனியா காற்றை விட இலேசானது, மேலே போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். வாயுவாக இருந்தால் சரி. ஆனால் அழுத்தத்தில் இருந்த திரவம் பீறிடும்போது குளிர்ந்த வெள்ளை முகிலாகத் தரையோடு ஊர்ந்து வரும். இரவில் காற்று அசையாத நேரம் அது கலையாமல் நிற்கும். நம் ஊரில் கச்சான் காலத்தில் காற்று மேற்கிலிருந்து கடலுக்குப் போகும், மாரியில் வாடை கடலிலிருந்து ஊருக்குள் வரும். ஒரே கசிவு, ஒரு பருவத்தில் கடலுக்கு, இன்னொரு பருவத்தில் குடியிருப்புக்கு. ஆகவே அவசரத் திட்டத்தில் இரண்டு வரைபடம் வேண்டும். கூரையில் எல்லாருக்கும் தெரிகிற உயரத்தில் காற்றின் திசை காட்டும் துணிப்பை ஒன்றும் வேண்டும்.

தொழிற்சாலை ஆட்களுக்கு இரண்டு விசயம். தரையில் தேங்கிய திரவ அமோனியாமேல் தண்ணீர் அடிக்காதீர்கள், அது இன்னும் வேகமாகக் கொதித்து ஆவியாகும். தண்ணீர்த் திரையைக் காற்றில் வரும் முகிலுக்குக் குறுக்கே பிடிக்க வேண்டும். அப்புறம், விழுந்த ஆளைத் தூக்க வெறும் முகத்தோடு ஓடாதீர்கள். 2018 ஏப்ரலில் ஹொரணைப் பக்கம் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் அமோனியாத் தொட்டியில் விழுந்தவரைக் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். வடிகட்டி முகமூடி குறைந்த செறிவில் தப்பி வெளியே வருவதற்கு மட்டும். உள்ளே போகக் காற்றுச் சிலிண்டரோடு கூடிய சுவாசக் கருவி வேண்டும், குறைந்தது இரண்டு, பயிற்சி பெற்ற இரண்டு பேருக்கு. அவற்றை இயந்திர அறைக்கு உள்ளே மாட்டி வைக்காதீர்கள்.

மூதூர்_செயன்முறை எழுதியது:

தீயணைப்புத் தம்பி சொன்னதோடு ஒன்று. போபாலுக்குப் பிறகு ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டம் 1988இல் ஒரு வழிமுறையைக் கொண்டுவந்தது. தொழிற்சாலை, உள்ளூராட்சி, அயல் மக்கள் மூன்று தரப்பும் ஒன்றாக இருந்து அவசரத் திட்டம் தயாரிப்பது. அதற்குப் பெரிய ஆலையாக இருக்க வேண்டியதில்லை. கிராம அலுவலர், பாடசாலை அதிபர், பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களைக் கூப்பிடுங்கள். சைரன் கேட்காத வீட்டுக்கும் ஒலிபெருக்கி கேட்கும். அக்கா கேட்டது முழு உரிமையோடு கேட்கிற கேள்வி. என்ன இரசாயனம், எவ்வளவு, மணம் வந்தால் என்ன செய்வது என்று தெரிந்துகொள்ளாமல் ஒருவரை அதன் பக்கத்தில் குடியிருக்க விடுவது அநியாயம்.

உப்புவெளி_குளிரூட்டி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, அக்காவுக்கு விசேடமாக. வரைபடத்தோடு நடந்து முடித்தேன். படத்தில் இல்லாத வால்வுகள் நிறைய. பாவனையில் இல்லாத ஒரு சுருள் இன்னும் திரவப் பைப்போடு இணைந்தே இருக்கிறது. இரண்டு முனையிலும் வால்வு மூடியிருக்கிறது, மேலே தகரக் கூரை. மூதூர் அண்ணை சொன்ன அதே நிலை. முதலாளியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். சுருளைப் பாதுகாப்பாக வெறுமையாக்கிக் கழற்றச் சம்மதித்துவிட்டார். எண்ணெய் இறக்கும் பைப்பை வெளிச்சுவருக்கு நீட்டி ஸ்பிரிங் வால்வு போடவும் விலை கேட்டிருக்கிறோம். இரண்டு ஒப்பரேட்டர்மாரையும் வைத்து ஹசாப்பைத் தொடங்குகிறோம். கிராம அலுவலரிடமும் பேசியாயிற்று. காப்புறுதிக்காரருக்கு அந்த ஹசாப் பதிவேட்டைத்தான் கொடுப்போம், படிவம் அதன் பின்னிணைப்பு.

ஒரு சந்தேகம் மிச்சம். வாயு உணரியை எங்கே மாட்டுவது?

கிண்ணியா_ஒப்பரேட்டர் எழுதியது:

கொம்பிரசருக்கு மேலே கூரைப் பக்கம் ஒன்று, எண்ணெய் இறக்கும் இடத்தில் தாழ்வாக ஒன்று. தொட்டிக்குள் சுருள் ஓட்டையானால் அமோனியா உப்புநீரில் கரைந்துவிடும், உணரி காட்டாது. அதனால் உப்புநீரை எடுத்துக் காரத்தன்மை கூடியிருக்கிறதா என்று கிழமைதோறும் பாருங்கள். சுருளைக் கழற்றும் வேலையை வெல்டிங்காரரிடம் மட்டும் விடாதீர்கள். மிச்ச அமோனியா காற்றில் 15 முதல் 28 சதவீதம் வரை கலந்திருந்தால் தீப்பிடிக்கும். முதலில் வெறுமையாக்கி, நைதரசனால் ஊதி, கருவியால் பார்த்து, எழுத்தில் அனுமதி கொடுத்த பிறகே வெல்டிங் தொடங்க வேண்டும்.

தீயணைப்பு_கிழக்கு எழுதியது:

அறையின் காற்று வெளியேற்றும் விசிறிக்கும் கொம்பிரசரை நிறுத்தும் பொத்தானுக்கும் சுவிட்ச் அறைக்கு வெளியே, வாசல் பக்கம் இருக்கட்டும். ஜெனரேட்டரிலும் அந்த விசிறி ஓட வேண்டும், மின்வெட்டு நேரத்தில் சோதித்துப் பாருங்கள். கழற்றும் நாளை முன்கூட்டியே நிலையத்துக்கு அறிவித்தால் வண்டி வந்து நிற்கலாமா என்று கேட்டுச் சொல்கிறேன். அயல் வீடுகளுக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

திருக்கடலூர்_வாசகி எழுதியது:

எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைக்கும் இந்த இழையை அச்செடுத்துக் கொண்டுபோகிறேன். மாதர் சங்கத்தில் இருந்து நாலைந்து பேர் கூட வருகிறார்கள். தீயணைப்புத் தம்பி, கதவு சாத்துவது, குறுக்கே போவது, கண் கழுவுவது, அந்த மூன்றையும் எண்களோடு ஒரு பக்கத் துண்டாக எழுதித் தந்தால் வீட்டுக்கு வீடு கொடுப்போம். சிங்களத்திலும் வேண்டும்.